பழைய காரை யாரிடம் கொடுப்பது: ஒரு கூலிக் கணக்கு

கேட்டிருப்பது இதுதான்: ஏழு வருடமாக ஓட்டும் கார். கடனில் கொஞ்சம் பாக்கி. புதுக் கார் பார்க்கப் போன ஷோரூமில் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு விலை சொன்னார்கள். ஆன்லைனில் கார் வாங்கும் நிறுவனம் அதைவிடச் சற்றுக் கூடச் சொன்னது. விளம்பரங்களில் அதே மாடல் இந்த இரண்டையும்விட நிறைய விலைக்கு நிற்கிறது. ஆபீஸ் நண்பர் ஒருவரும் எனக்கே கொடுங்கள் என்கிறார். யாரிடம் கொடுத்தால் லாபம்?

பதினோரு வருடம் பழைய கார்களைப் பார்த்து விலை போடும் வேலையில் இருந்தவன் நான். அதாவது, உங்களுக்குக் குறைவாகச் சொல்வதற்காகச் சம்பளம் வாங்கியவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: நீங்கள் கேட்ட மூன்று விலையும் பொய்யில்லை. மூன்றும் மூன்று வேறு பண்டங்களுக்கான விலை.

அந்தக் காரை அடுத்து ஓட்டப்போகிற ஆள் அதற்குக் கொடுக்கக்கூடிய தொகை 100 என்று வைத்துக்கொள்வோம். கார் அவர் கைக்குப் போவதற்குள் யாராவது செய்தாக வேண்டிய வேலைகள் இருக்கின்றன. கழுவித் துடைக்க வேண்டும், படம் எடுத்து விளம்பரம் போட வேண்டும், நேரங்கெட்ட நேரத்தில் வரும் போனை எடுக்க வேண்டும், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவருக்காகக் காத்திருக்க வேண்டும், வந்தவருக்கு ஓட்டிக் காட்டி, பேரம் பேசி, பணம் வாங்கி, பெயர் மாற்ற வேண்டும். அதுவரை காரை நிறுத்த இடம் வேண்டும், காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், வாங்கிய மறுமாதமே கியர்பாக்ஸ் போய்விட்டால் யார் தலையில் விடியும் என்ற பயம். இந்த வேலையையும் பயத்தையும் சுமக்கிறவர் அந்த 100-இல் தன் பங்கை எடுத்துக்கொள்வார். டீலர் 82 என்றால் மீதி 18-இல் பெரும்பகுதி அவருடைய கூலி, கொஞ்சம் லாபம். (எண்கள் கணக்குக்காக, காருக்குக் கார் மாறும்.) அந்தக் கூலியை நீங்களே சம்பாதித்துக்கொள்ள முடியுமா, அதற்கான நேரமும் பொறுமையும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். எந்த வழி என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் அந்த 100 எவ்வளவு என்றே பலர் தப்பாகப் போட்டுக்கொள்கிறார்கள். விளம்பரத்தைப் பார்த்து விலை முடிவு செய்வதால் வரும் வினை. யோசித்துப் பாருங்கள், இன்று விளம்பரத்தில் நிற்கும் கார்கள் எவை? இன்னும் விற்காதவை. சரியான விலை போட்ட கார் நாலு நாளில் போய்விடுகிறது. அதிக விலை போட்டது மூன்று மாதமாக அங்கேயே நிற்கிறது, உங்கள் கண்ணில் படுவதும் அதுதான். ஆகவே ஒருநாள் பார்த்துச் சராசரி போடாதீர்கள். உங்கள் மாடல், வருடம், ஏறக்குறைய அதே கிலோமீட்டர் உள்ள பத்துப் பன்னிரண்டு விளம்பரங்களைக் குறித்துவைத்துக்கொண்டு இரண்டு வாரம் கவனியுங்கள். எது சட்டென்று மறைகிறது, எது விலை இறங்கி இறங்கி நிற்கிறது என்று பாருங்கள். மறைந்தவற்றின் விலைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது உங்கள் 100. பேரத்தில் கொஞ்சம் குறைந்துதான் அவையும் கைமாறியிருக்கும்.

மீட்டரையும் பாருங்கள். 98,000-ஐத் தாண்டிக்கொண்டிருக்கிறது என்றால் யோசனையை ஒத்திப்போடாதீர்கள். 2012-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மொத்தவிலைப் பழைய கார் விற்பனைகளை அலசியது. மீட்டர் ஒவ்வொரு பத்தாயிரம் மைலைத் தாண்டும் இடத்திலும் விலை படியில் இறங்குவதுபோல் இறங்கியிருந்தது. 79,900 ஓடிய காருக்கும் 80,100 ஓடிய காருக்கும் இயந்திரத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது. கண்ணுக்கு முதலில் படும் இலக்கம்தான் மாறியிருக்கிறது. விளம்பரத் தளங்களின் வடிகட்டிகளும் இந்த உருண்டை எண்களில்தான் வெட்டுகின்றன. 'ஒரு லட்சத்துக்குக் கீழ்' என்று தேடுகிறவருக்கு 1,00,300 ஓடிய உங்கள் கார் தெரியவே தெரியாது.

அடுத்தது, உங்கள் கார் எப்படிப்பட்டது, அதை நிரூபிக்க உங்களிடம் என்ன இருக்கிறது என்பது. 1970-இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். மூன்று ஆய்விதழ்கள் வேண்டாம் என்று திருப்பியனுப்பிய அந்தக் கட்டுரைதான் பின்னாளில், 2001-இல், அவருக்கு நோபல் பரிசில் பங்கு வாங்கித் தந்த ஆராய்ச்சியின் தொடக்கம். விஷயம் எளிது. காரின் குணம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் எல்லாக் காருக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பார். நடுத்தர விலை கட்டாது என்று நல்ல கார் வைத்திருப்பவர் விலகிக்கொள்வார். மிஞ்சுவதில் ஓட்டைக் கார்களே அதிகம் என்பதால் விலை மேலும் இறங்கும்.

இதை உங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தால் இப்படி வரும். நல்ல கார், அது நல்ல கார் என்று காட்டும் காகிதங்களும் கையில் இருக்கின்றன என்றால், நேரடியாக விற்பதில்தான் உங்களுக்குப் பலன் அதிகம். நல்ல கார், ஆனால் சர்வீஸ் பில் ஒன்றுகூட இல்லை என்றால் சந்தை உங்களை நடுத்தரமாகவே நடத்தும். அந்த நிலையில் நிறுவனம் தரும் விலைக்கும் நேரடி விலைக்கும் இடைவெளி குறைவு, அலைச்சல்தான் மிச்சம். கிளட்ச் வழுக்குகிறது, இன்ஜின் ஆயில் குடிக்கிறது என்று தெரிந்த காரைத் தனிநபரிடம் தள்ளிவிடப் பார்க்காதீர்கள். நியாயம் ஒருபுறம் இருக்கட்டும், அவர் திரும்ப வந்து உங்கள் கதவைத் தட்டுவார். அத்தகைய காரை, குறையைச் சொல்லியே டீலரிடம் கொடுங்கள். அவருக்கு ஆகும் பழுதுச் செலவு உங்களுக்கு ஆவதைவிடக் குறைவு. அதனால் அவர் கழிப்பதும் நீங்கள் பயப்படுவதைவிடக் குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு.

சரி, வழிகளைப் பார்ப்போம். எக்ஸ்சேஞ்ச் பற்றித்தான் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாறுவதே தெரியாமல் ஏமாறுகிற இடம் அது.

எக்ஸ்சேஞ்சில் ஒரே மேசையில் இரண்டு வியாபாரம் நடக்கிறது. பழையதை விற்கிறீர்கள், புதியதை வாங்குகிறீர்கள். உங்கள் கவனம் முழுக்கப் பழைய காரின் விலையில். அதில் 5 ஏற்றிக் கொடுத்துவிட்டு, புதுக் காரில் கொடுத்திருக்கக்கூடிய தள்ளுபடியில் 7 குறைத்தால் உங்களுக்குத் தெரியாது. சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போடுவீர்கள். 'எக்ஸ்சேஞ்ச் போனஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருங்கள். செய்ய வேண்டியது ஒன்றுதான்: முதலில் பழைய கார் என்ற பேச்சே எடுக்காமல் புதுக் காருக்கு வரி, காப்பீடு எல்லாம் சேர்த்த கடைசி விலையை எழுதி வாங்குங்கள். பிறகு பழைய காரைக் காட்டுங்கள். மாதத் தவணை எவ்வளவு கட்டுப்படியாகும் என்று அவர்கள் பேச்சைத் திருப்பினால் திரும்பாதீர்கள். தவணைக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம். கையிலிருந்து போக வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு என்பதை மட்டும் கேளுங்கள்.

ஆனாலும் எக்ஸ்சேஞ்சை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். சில இடங்களில் வரிச் சட்டமே அதற்குச் சாதகம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் புதுக் காரின் விற்பனை வரியை, பழைய காரின் மதிப்பைக் கழித்த மிச்சத்துக்கு மட்டும் போடுகிறார்கள். வரி 8 சதவீதம், பழைய கார் 80-க்குப் போகிறது என்றால் 6.4 மிச்சம்; 80 என்று தெரிந்தது உண்மையில் 86.4. உங்கள் ஊர் விதி என்ன என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதோடு, புதுக் கார் கைக்கு வரும் அன்றே பழையது போகும், நடுவில் ஒருநாள்கூடக் கார் இல்லாமல் இருக்க வேண்டாம் என்பதும் சிலருக்குப் பெரிய விஷயம்.

ஆன்லைனில் வாங்கும் நிறுவனங்களின் விலையில் இரண்டு கட்டம் உண்டு. திரையில் வருவது, நீங்கள் எழுதிக் கொடுத்த விவரங்கள் முழுக்கச் சரி, காரில் குறையே இல்லை என்ற நம்பிக்கையில் போட்ட விலை. ஆய்வாளர் வந்து பார்த்த பிறகு சொல்வதுதான் உண்மையான விலை. நடுவில் குறைவது அநேகமாக நிச்சயம். அதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு வியாபாரம் என்று கண்டுபிடிக்க ஒரே வழி, ஒரே வாரத்தில் இரண்டு மூன்று பேரிடம் காட்டுவதுதான். இன்றே கொடுத்தால்தான் இந்த விலை என்பார்கள். இதையே நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த நாள் திரும்பி வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அதே விலையைக் கொடுத்துமிருக்கிறேன்.

ஆய்வாளர் என்ன பார்க்கிறார் என்று தெரிந்தால் அவரிடம் திணற மாட்டீர்கள். கையில் பெயின்ட் கனம் அளக்கும் கருவி இருக்கும். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மறுபடி பெயின்ட் அடித்த கதவு அதைப்போல் இரண்டு மடங்கு காட்டும். உள்ளே பட்டி பூசி ஒடுக்கை நிரப்பியிருந்தால் எண் எகிறிவிடும். கண்ணாடிகளின் ஓரத்தில் இருக்கும் தயாரிப்புக் குறியைப் பார்ப்பார். ஒன்று மட்டும் வேறு வருடம் என்றால், ஏன் மாற்றினீர்கள் என்பார். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் தயாரானது. கார் 2021-இல் தயாரானது, டயர் 2019 என்றால், எங்கோ கிடந்த பழைய டயரை யாரோ மாட்டிவிட்டிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகுவார். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களில் 2001 முதலும் கட்டாயமான ஏற்பாடு அது. இப்போது ஏறக்குறைய உலகம் முழுக்க உண்டு. எரிந்துகொண்டிருக்கும் எச்சரிக்கை விளக்கை முந்தின நாள் மெக்கானிக்கிடம் சொல்லி அணைத்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. அது எப்படிப் பிடிபடும் தெரியுமா? பிழைக் குறியை அழித்தால், கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகளின் பதிவும் சேர்ந்து அழிந்துவிடும். அவை திரும்ப முடிய பல நாள் ஓட வேண்டும். சோதனைகள் முடியாத நிலையில் இருக்கும் காரைப் பார்த்ததும், நேற்று யாரோ எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று எங்களுக்குப் புரியும். அதன்பிறகு நீங்கள் எது சொன்னாலும் பாதியைத்தான் நம்புவோம். விளக்கு எரியட்டும், எதற்காக எரிகிறது என்ற மெக்கானிக்கின் எஸ்டிமேட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத குறைக்குக் கழிப்பதைவிடத் தெரிந்த குறைக்குக் கழிப்பது எப்போதும் குறைவு.

மின்சாரக் கார் என்றால் எல்லாக் கேள்வியும் பேட்டரியில் வந்து நிற்கும். பல தயாரிப்பாளர்கள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி தருகிறார்கள், கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் பொறுப்பு என்பது வழக்கமான நிபந்தனை. பேட்டரியில் இப்போது எத்தனை சதவீதம் மிச்சம் என்று காட்டும் அறிக்கையை சர்வீஸ் சென்டரில் வாங்கி விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள். வாரன்டி முடிய இரண்டு வருடம் இருக்கும்போது விற்பதற்கும் முடிந்தபின் விற்பதற்கும் விலையில் நிறைய வித்தியாசம் இருக்கும்.

டீலரிடம் காரை நிறுத்திவிட்டு, விற்றால் கமிஷன் எடுத்துக்கொள்ளச் சொல்வது இன்னொரு வழி. உங்கள் அலைச்சல் குறையும், விலையும் நேரடி விலைக்குப் பக்கத்தில் வரும். காகிதத்தில் பார்க்க அழகான ஏற்பாடு. ஆனால் நான் வேலையை விட்ட பிறகு என் சொந்தக் காரிலேயே சிக்கிக்கொண்டது இதில்தான். தெரிந்த டீலர், வாய்ப்பேச்சு ஒப்பந்தம். கார் விற்றுப்போய் ஐந்து வாரம் கழித்துத்தான் விற்ற விஷயமே தெரிந்தது. பணம் மூன்று தவணையாக வந்தது, ஒவ்வொன்றுக்கும் நானே நேரில் போய் நிற்க வேண்டியிருந்தது. இந்த வழியில் போனால் குறைந்தபட்ச விலை, கமிஷன், எத்தனை நாள் அவர் கையில் இருக்கலாம், விற்ற எத்தனையாவது நாளில் பணம், கார் அவர் இடத்தில் இருக்கும்போது இடிபட்டால் யார் பொறுப்பு என்று ஐந்தையும் எழுதி வாங்குங்கள். மீட்டர் ரீடிங்கையும் எழுதுங்கள். சிலர் உங்கள் காரில் ஊரைச் சுற்றிவிட்டுத்தான் விற்பார்கள்.

ஏலம் என்பது அரிய கார், சேகரிப்பாளர் தேடும் பழங்கார் வைத்திருப்பவர்களுக்கு. சாதாரண ஏழு வருடக் காரை ஏலத்தில் எடுக்க வருபவர் டீலர்தான், நேரே அவரிடமே போகலாம். காயலான் கடைக்கு அனுப்புவது, ஓட வைக்கும் செலவு காரின் விலையைத் தாண்டும்போது மட்டும். அப்படி அனுப்பினாலும் உடைத்ததற்கான அத்தாட்சியை வாங்காமல் விடாதீர்கள். இல்லையென்றால் உங்கள் நம்பர் பலகையும் சேசிஸ் நம்பரும் திருட்டுக் கார் ஒன்றுக்குப் போய்ச் சேரலாம். சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தப்படுத்த இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கணக்கில் சேர்த்தார்களா என்றும் கேளுங்கள். அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் உண்டு. வெறும் இரும்பு எடைக்குக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

உங்கள் ஆபீஸ் நண்பர் விஷயம். தெரிந்தவருக்கு விற்றால் விளம்பரம் வேண்டாம், பயம் வேண்டாம், இருவருக்கும் அந்தக் கூலி மிச்சம். கணக்குப்படி பார்த்தால் இதுதான் மிகச் சிறந்த வழி. ஆனால் இதில் வாரன்டி என்று ஒன்று எழுதப்படாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு வருடம் கழித்து ஏ.சி. குளிரவில்லை என்றாலும் உங்களிடம்தான் முதலில் சொல்வார், அதுவும் கேன்டீனில் நாலு பேர் முன்னால். விற்பதென்றால் இப்படிச் செய்யுங்கள்: காரை வெளி மெக்கானிக் ஒருவரிடம் நண்பரையே கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள், கட்டணத்தை அவர் கொடுக்கட்டும், அறிக்கையை இருவரும் படியுங்கள். விலையை நிறுவனம் சொன்னதற்கும் சந்தை விலைக்கும் நடுவில் வையுங்கள், நிறுவனத்தின் எழுத்து விலையைக் காட்டியே. தவணையாகத் தருகிறேன் என்றால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

நேரடியாக விற்க முடிவு செய்தால் எதில் செலவு செய்வது? உள்ளே வெளியே நன்றாகச் சுத்தம் செய்ய, எரியாத பல்புகளை மாற்ற, தேய்ந்த வைப்பரை மாற்ற, ஸ்டார்ட் ஆகத் திணறும் பேட்டரியை மாற்ற. இவை போட்ட காசைத் திருப்பித் தரும். கீறலுக்காக ஒரு கதவை முழுக்கப் பெயின்ட் அடிக்காதீர்கள். சின்னக் கீறல் வயதைக் காட்டும், புதுப் பெயின்ட் விபத்தைக் காட்டும். நாலு டயரும் புதிதாகப் போட்டுக் கொடுத்தால் அந்தக் காசு பெரும்பாலும் வராது. பேனட்டைத் திறந்து இன்ஜினைத் தண்ணீர் அடித்துப் பளபளப்பாக்குவதும் வேண்டாம். ஆயில் கசிவை மறைக்கக் கழுவியிருக்கிறார்கள் என்றுதான் விவரமுள்ளவர் நினைப்பார். பார்க்க வருபவர் வரும் முன் இன்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள். காலையில் குளிர்ந்து கிடக்கும் இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதைத்தான் தெரிந்தவர் பார்ப்பார். வந்ததும் பேனட் மேல் கை வைப்பவர் அதற்காகத்தான் வைக்கிறார்.

விளம்பரத்தில் குறையையும் படம் எடுத்துப் போடுங்கள். பின் பம்பரில் ஒடுக்கு இருக்கிறது என்று நீங்களே சொன்னால், வீண் ஆட்கள் வர மாட்டார்கள், வந்தவர் அதைக் காட்டிப் பேரம் பேசவும் முடியாது. சர்வீஸ் பில்கள், இரண்டாவது சாவி, முந்தைய காப்பீட்டுக் காகிதங்கள் எல்லாம் ஒரு ஃபைலில் இருந்தால் பாதி வேலையை அந்த ஃபைலே செய்துவிடும். இரண்டாவது சாவி இல்லாத காருக்கு யாரும் கொஞ்சமாவது கழிப்பார்கள், புதுச் சாவி போடும் செலவு அப்படி.

விலையைப் பொறுத்தவரை, மனதில் இருக்கும் தொகைக்குமேல் கொஞ்சம் வைத்துப் போடுங்கள், நிறைய அல்ல. முதல் வாரம்தான் விளம்பரத்துக்கு உயிர் அதிகம். அந்த வாரத்தில் ஒரு போன்கூட வரவில்லை என்றால் விலை தப்பு. போன் வருகிறது, வந்து பார்க்கிறார்கள், வாங்காமல் போகிறார்கள் என்றால் காரில் ஏதோ தப்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு காரைப் பழுது பார்க்க வேண்டிய நேரத்தில் விலையைக் குறைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

பார்க்க வருகிறவர்களில் நூற்றில் சிலர் வாங்க வருவதில்லை. டெஸ்ட் டிரைவுக்கு முன் ஓட்டுநர் உரிமத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நீங்களும் கூடவே உட்காருங்கள், இடம் மாறி உட்காரும்போது சாவியை உங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அவர் கொடுத்தது உங்கள் சாவிதானா என்று பூட்டித் திறந்து பாருங்கள். ஒரே மாதிரி இருக்கும் வேறு சாவியைக் கொடுத்துவிட்டு, ராத்திரி வந்து காரை எடுத்துக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு வித்தை: இரண்டு மூன்று பேராக வருவார்கள். ஒருவர் உங்களை ஆர்.சி., இன்சூரன்ஸ் என்று பேச்சில் வைத்திருக்க, இன்னொருவர் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) தொட்டியில் கொஞ்சம் எண்ணெயை ஊற்றிவிடுவார். பிறகு திறந்து காட்டி, ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்குள் ஆயிலும் கூலன்டும் கலக்காமல் தடுக்கும் அடைப்பு) போய்விட்டது, பாதி விலைக்குத் தருகிறீர்களா என்பார்கள். பேனட் திறந்திருக்கும்போது காரைவிட்டு நகராதீர்கள். அவர்கள் வரும் முன் கூலன்ட் தொட்டியையும் ஆயில் மூடியையும் படம் எடுத்து வைத்துக்கொண்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பணம் விஷயத்தில் ஒரே விதி: உங்கள் கணக்கில் வந்து சேர்ந்ததை, உங்கள் போனில், உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து நீங்களே பார்க்கும்வரை சாவி கைமாறக் கூடாது. அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட் பணம் இல்லை, குறுஞ்செய்தியும் பணம் இல்லை. காசோலை சில நாள் கழித்தும் திரும்பும். கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தை இன்னொருவருக்கு அனுப்புங்கள் என்று யாராவது சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வங்கிக் கிளையிலேயே சந்தியுங்கள்.

உங்களுக்குக் கடன் பாக்கி இருப்பதால் நேரடி விற்பனையில் ஒரு சிக்கல் கூடுதல். கடன் தீராமல் உரிமை மாற்ற முடியாது, காரை விற்காமல் கடனைத் தீர்க்கப் பணம் இல்லை. வங்கியில் கடனை இன்றே முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்; மீதித் தவணைகளைக் கூட்டிப் பார்த்தால் வரும் தொகையும் அதுவும் ஒன்றாக இருக்காது. முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள். வாங்குபவர் கடன் தொகையை நேரே வங்கிக்கும் மீதியை உங்களுக்கும் கட்டுவது ஒரு வழி. ஆனால் கடன் தீர்ந்த சான்று வரப் பல நாளாகும், அதுவரை முகம் தெரியாதவர் உங்களை நம்பிக் காத்திருக்க மாட்டார். பாக்கி சிறியது என்றால் எங்காவது புரட்டிக் கட்டிவிட்டு, சான்று கைக்கு வந்தபின் விளம்பரம் போடுங்கள். பெரியது என்றால் நிறுவனத்திடமே கொடுங்கள். வங்கியோடு மல்லுக்கட்டுவதும் அவர்கள் வாங்கும் கூலிக்குள் அடக்கம்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் செய்வது இது. இந்த வாரமே ஷோரூம் தவிர இன்னும் இரண்டு இடத்தில் ஆய்வு முடித்து எழுத்து விலை வாங்குவேன். அதில் பெரியது 84 என்று வைத்துக்கொண்டால் அதுதான் என் தரை. நேரடியாக விற்றால் செலவு போக 95 கிடைக்கும் என்று விளம்பரக் கணக்கு சொல்கிறது. 11 வித்தியாசம். அதை இரண்டு மூன்று வார இறுதி உழைப்புக்கான கூலியாக நினைத்துப் பார்ப்பேன். என் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் போதும் என்று தோன்றினால், நண்பருக்கு ஒரு வாரம் முதல் உரிமை கொடுத்துவிட்டு, பிறகு விளம்பரம் போட்டு மூன்று சனி ஞாயிறு முயற்சி செய்வேன். அதற்குள் 90-க்கு மேல் யாரும் வராவிட்டால் 84 சொன்னவரிடமே போவேன். அவர் 82 என்று இறக்கினாலும் கொடுத்துவிடுவேன், ஏனென்றால் ஓடாமல் நிற்கும் காருக்கும் மாதாமாதம் செலவு உண்டு. புதுக் கார் டெலிவரி தேதிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்றால் இந்த முயற்சியே வேண்டாம்.

கடைசியாகக் கைமாற்றும் நாள். ப்ளூடூத்தில் இணைத்த உங்கள் போனை, அதிலிருந்து காருக்குள் இறங்கிய தொடர்பு எண்களை, நேவிகேஷனில் 'வீடு' என்று பதிந்த முகவரியை அழியுங்கள். தயாரிப்பாளரின் செயலியில் கார் உங்கள் பெயரில் இணைந்திருந்தால் அதையும் நீக்குங்கள். இல்லையென்றால் புது உரிமையாளர் எங்கே போகிறார் என்று உங்கள் போன் காட்டிக்கொண்டிருக்கும். விற்பனைச் சீட்டில் தேதி மட்டும் போதாது, நேரமும் மீட்டர் ரீடிங்கும் வேண்டும், இருவர் கையெழுத்தோடு. நான் ஒருமுறை, பெயர் மாற்றத்தை வாங்கியவரே பார்த்துக்கொள்வார் என்று வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர் நாலு மாதம் மாற்றவில்லை. நான் பார்த்தே இராத சாலைகளில் வேகமாகப் போனதற்கு என் பெயருக்கு மூன்று அபராதச் சீட்டுகள் வந்தன. மூன்றையும் தள்ளுபடி செய்ய வைத்தது, சாயங்காலம் 5.40 என்று நேரம் குறித்த அந்த விற்பனைச் சீட்டுதான். முதல் அபராதம் அன்று இரவு 7.15-க்கு.